கொலைகாரனுக்காகப் பார்வையாளரைப் பதற வைப்பது எப்படி? கொங்குப் பக்கம் முதல் த்ரில்லர் எடுப்பவர்களுக்கு

முதல் த்ரில்லர் குறும்படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். கொலைகாரன் மேல் பரிவு வர வேண்டும் என்று அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயசு, ஒரு நாய்க்குட்டி, மழையில் ஒரு சிகரெட் என்று மூன்றையும் எழுதிவிடுகிறார்கள். படத்துக்கு இவற்றால் பெரிய பயன் கிடையாது. மூன்றுக்கும் தனித்தனியாக அனுமதி, விதி என்று வேறு அலைய வேண்டும் (7ஆம் படியில் சொல்கிறோம்).

பரிவு பிறக்கிற இடம் வேறு. அவன் கையில் ஒரு வேலை இருக்கிறது; அது கெட்டுப்போகும் போலிருக்கிறது; நாம் அவன் தோளுக்குப் பின்னால் நிற்கிறோம். இவ்வளவு அமைந்தால், அவன் கொலைகாரன் என்று தெரிந்தே பார்வையாளர் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பதறுவார். ஏன் பதறினோம் என்ற கூச்சம் பிறகு வரும். அந்தக் கூச்சம்தான் உங்கள் படம்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 15 நிமிடப் படத்துக்கு. உதாரணக் கதை இது: கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளைப் பழுது பார்க்கும் ஒரு ஃபிட்டர், பெயர் சின்னச்சாமி. தவணை வசூலிக்க வந்த பைனான்ஸ்காரரை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிட்டான். விடிவதற்குள் அவருடைய டிவிஎஸ் 50ஐத் தோட்டத்துக் கிணற்றில் தள்ள வேண்டும்.

1. ஒரே தாளில் இரண்டு பத்தி

இடது பக்கம், விடிவதற்குள் சின்னச்சாமி செய்து முடிக்க வேண்டிய வேலைகள். உணர்ச்சிகளை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்: தரையைக் கழுவுவது, வண்டியை நகர்த்துவது, செல்போனை அணைப்பது, காலை ஷிப்ட்டுக்கு ஆள் வரும்முன் தறியை ஓட விடுவது.

வலது பக்கம், செத்தவர் பாதியில் விட்டுப்போன வேலைகள். பொண்டாட்டிக்கு மாத்திரை வாங்கி வண்டிப் பையில் வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு வீட்டு வசூல் பாக்கி. இந்தப் பத்தி காலியாக இருந்தால் கதையைத் தொடாதீர்கள். செத்தவர் வெறும் வில்லனாகிவிட்டால் கொலை நியாயமாகிவிடும். நியாயமாகிவிட்டால் பரிவுக்கு வேலையே இல்லை, கைத்தட்டல்தான் வரும்.

2. காட்சி வரிசை

பார்வையாளர் சின்னச்சாமியை முதலில் வேலைக்காரனாகப் பார்க்கட்டும். அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறான், நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கிங் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டுகிறான், தறி ஓடுகிறது. ஒரு வேலையைத் திறமையாகச் செய்கிறவனை நமக்குப் பிடித்துப் போகும். இதற்கு 90 நொடி போதும்.

கொலையை 3ஆம் நிமிடத்துக்குள் வையுங்கள், பாதிதான் காட்டுங்கள். பிரிட்ஸ் லாங் 1931ல் எடுத்த 'எம்' படத்தில் குழந்தை கொல்லப்படுவது திரையில் வராது. உருண்டு வந்து நிற்கும் பந்தும், கம்பியில் சிக்கிய பலூனும்தான் வரும். உங்களுக்குத் தறிச் சத்தமும், தரையில் சரிந்த வசூல் நோட்டும் போதும். அடியை முழுதாகக் காட்டினால் பார்வையாளர் விலகி உட்கார்ந்துவிடுவார், பிறகு இழுத்து வருவது கஷ்டம். ஒன்றுமே காட்டாமல் விட்டாலும் தப்பு. செய்தது பெரிய பாவம் என்பது மறந்துபோகும்.

4 முதல் 11ஆம் நிமிடம் வரை மறைக்கும் வேலை. படத்தின் பாதி இதற்குத்தான். 1960ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் கொலைக்குப் பிறகு, விடுதி நடத்தும் நார்மன் குளியலறையைக் கழுவித் துடைப்பது பேச்சே இல்லாமல் நீளமாக ஓடும். அதுவரை செத்தவள் பக்கம் இருந்த பார்வையாளர், துடைப்பம் ஓடி முடிவதற்குள் கட்சி மாறியிருப்பார். கடைசி 4 நிமிடத்தில் வலது பத்தி திரும்ப வர வேண்டும். மாத்திரைப் பையை அவன் பார்க்கிறான்.

3. கேமராவை எங்கே வைப்பது

இதில் அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மறைக்கும் வேலை முழுக்க கேமரா அவன் கண் உயரத்தில், அவன் பக்கமே இருக்கட்டும். 35 எம்எம் லென்சில் தோளுக்குப் பின்னால் இருந்து, 50ல் கை, 85ல் முகம். மூன்று லென்சுக்கு மேல் வாடகைக்கு எடுக்க வேண்டாம். முகத்தை 4 நொடிக்குக் குறைவாக வெட்டாதீர்கள். அவன் யோசிப்பதைப் பார்க்க நேரம் வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தப்பு, கீழிருந்து மேல்நோக்கி வைத்து அவனைப் பெரிய ஆளாகக் காட்டுவது. அது ஹீரோ ஷாட். பரிவுக்கு அவன் நம் உயரத்தில்தான் இருக்க வேண்டும். கேமரா அவனை விட்டுச் செத்தவர் பக்கம் போவது ஒரே ஒரு தடவை, மாத்திரைப் பைக்காக மட்டும்.

4. கிணற்றுக் காட்சி

படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். 'சைக்கோ'வில் செத்தவளின் காரைச் சேற்றுக்குட்டையில் தள்ளும்போது, கார் பாதி முங்கி அப்படியே நின்றுவிடும். அந்தச் சில நொடியில் திரையரங்கமே 'முங்கித் தொலையேன்' என்று நினைக்கும். முங்கியதும் நார்மனோடு சேர்ந்து நாமும் மூச்சு விடுவோம். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் நம்மைக் கூட்டாளி ஆக்கிவிட்டார்கள்.

இதை அப்படியே காப்பி அடிக்காமல் நம்மூர்க் கிணற்றுக்கு மாற்றுங்கள். வண்டி விழுகிறது. கேரியர் மோட்டார் பைப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே தொங்குகிறது. கிழக்கே வெளுக்கிறது. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் அம்மா கேனோடு வரப்பில் வருகிறார். சின்னச்சாமி கிணற்று மேட்டிலிருந்து எழுந்து போய் அவரோடு பேச வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பைப் முனகுகிறது.

எடுக்கும் முறை:

வண்டியைப் பழைய இரும்புக் கடையில் ஆர்.சி. நகலோடும் விற்பனைக் கடிதத்தோடும் வாங்குங்கள். கிணற்றில் நம்பர் பிளேட்டோடு ஒரு வண்டி கிடந்தால் யாராவது படம் பிடித்துப் போடுவார்கள். கேள்வி வந்தால் காட்டக் காகிதம் வேண்டும். பொய் நம்பர் மாட்டி ரோட்டில் ஓட்டவே கூடாது.

பெட்ரோல், என்ஜின் ஆயில், இரண்டையும் முதல் நாளே இறக்கிவிட்டு டேங்கைக் கழுவிக் காய வையுங்கள். அது பாசனக் கிணறு. ஒரு சொட்டு ஆயில் மிதந்தாலும் தோட்டக்காரர் அடுத்த இரவுக்கு உள்ளே விட மாட்டார், விடவும் கூடாது.

தோட்டக்காரரின் நிஜ மோட்டார் பைப்பில் வண்டியை மாட்ட வேண்டாம். பிவிசியோ எச்டிபிஇயோ, எந்தப் பிளாஸ்டிக் பைப்பானாலும் உடையும் அல்லது பிடுங்கிக்கொள்ளும். தனியாக ஒரு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை மேலே இரும்புக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு அழுக்குப் பூசுங்கள். கேரியரில் ஒரு கறுப்பு நைலான் கயிறு, மறுமுனை சட்டகத்துக்கு வெளியே ஒருவர் கையில். அவர் கயிற்றை விடும்போதுதான் வண்டி முங்க வேண்டும். நொடிக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

தொங்குவது 7 முதல் 9 நொடி. 3 நொடியில் முங்கினால் பார்வையாளருக்கு ஆசை பிறக்க நேரம் போதாது. 15 நொடி போனால் சிரிப்பு வந்துவிடும்.

நம் பக்கத்துக் கிணறு பாறையை உடைத்து வெட்டியது. சில இடத்தில் கைப்பிடிச் சுவரே இருக்காது. விளிம்பிலிருந்து 5 அடிக்குக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டுகிற யாருக்கும் இடுப்புக் கயிறு கட்டுங்கள், நடிகர் உட்பட. காற்றடித்த லாரி டியூப் இரண்டு தண்ணீரில் மிதக்கட்டும். நீச்சல் தெரிந்த ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும். வண்டியைத் தூக்கச் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வேண்டும், அல்லது கிணறு தூர் வாரும் கிரேன்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வெளுக்கும் அந்த நீல வெளிச்சம் நம் ஊரில் 20 நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வண்டி விழுவதும் பால்காரம்மா வருவதும் ஒரே விடியலில் முடியாது. முதல் விடியலில் வண்டி, இரண்டு கேமரா, ஒரே டேக். அடுத்த விடியலில் பேச்சு.

5. சத்தம்

சோக வயலின் போடாதீர்கள். இசை அழச் சொன்னால் பார்வையாளர் சந்தேகப்படுவார். 'எம்' படத்தில் கொலைகாரன் விசிலில் ஒரு மெட்டு வருகிறது. அவன் முகத்தை விட அந்த மெட்டைத்தான் நாம் முதலில் தெரிந்துகொள்கிறோம். உங்களுக்குத் தறி இருக்கிறது. ஒரு தறி ஓடும் சீரான சத்தத்தை அவனுடைய நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். அது நின்றால் ஆபத்து. கரண்டு போய்த் தறி நிற்கும் அமைதியை விடப் பயங்கரமான பின்னணி இசை எதுவும் கிடையாது.

ஓடும் தறிக் கொட்டகையில் வசனம் பதிவாகாது. பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. தறியைத் தனியாக 3 நிமிடம், காலிக் கொட்டகையின் அமைதியை 1 நிமிடம் பதிவு செய்துகொண்டு, வசனத்தைத் தறியை நிறுத்தி எடுங்கள்.

வெளிப்புறம் என்றால் மாதம் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் மைக்கைத் தின்றுவிடும், எந்த உறை போட்டாலும். தை, மாசி நல்லது. வயல் பின்னணி இருந்தால் அறுப்புத் தேதியைத் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கட்டமாக எடுத்தால், முதல் கட்டத்தில் நின்ற கரும்பு இரண்டாவதில் இருக்காது.

6. பேச்சு: 'ங்க' என்னும் ஆயுதம்

வெளியூர் எழுத்தாளருக்குக் கிடைக்காத வசதி இது. கொங்குப் பேச்சின் மரியாதை, கொலைகாரன் வாயில் வந்தால் இரண்டு வேலை செய்யும். கிணற்று மேட்டில், கையில் ரத்தம் காயாத நிலையில் அவன் கேட்கிறான்:

"ஏனுங்கக்கா, இன்னிக்கு நேரமாவே கறந்துட்டீங்களாட்ட இருக்குது?"

"ஆமாங் கண்ணு, சொசைட்டி வண்டி வந்துருமல்லோ."

அந்த 'கண்ணு'வில் பார்வையாளர் கரைவார். அந்த அம்மா ஒரு அடி முன்னால் வைத்தால் இவன் என்ன செய்வான் என்ற பயமும் அதே நொடியில் வரும். படம் முழுக்க அவனை 'ங்க' போட்டே பேச வையுங்கள். பைனான்ஸ்காரரிடம் கெஞ்சும்போதும் "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்குங்ண்ணா." ஒரே ஒரு இடத்தில் அது உதிரட்டும்: "போ." மிரட்டல் வசனம் இரண்டு பக்கம் எழுதினாலும் இந்த ஒற்றை எழுத்துக்கு ஈடாகாது.

அதனால் நடிகர் இந்தப் பக்கத்துக்காரராக இருப்பது நல்லது. வெளியூர் நடிகர் என்றால் 10 நாளாவது பேச்சு ஒத்திகை வேண்டும். எல்லா வார்த்தைக்கும் 'ங்' ஒட்டிப் பேசினால் அது காமெடிக் கொங்கு. வசனம் மொத்தம் 40 வரியைத் தாண்ட வேண்டாம். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது கால் மணி நேரத்தை ஒட்டித்தான்; சிறந்த நடிகர் ஆஸ்கரே வாங்கினார். குறைவாகக் கொடுத்தால்தான் பார்வையாளர் எட்டிப் பார்ப்பார்.

7. மூன்று மலிவு வழிகளும் அவற்றுக்கான காகிதமும்

சின்ன வயசுக் கதை. 1978ல் பாரதிராஜா எடுத்த 'சிகப்பு ரோஜாக்கள்' முதல் நம் த்ரில்லர்களில் இது வழக்கமாகிவிட்டது. பெண்கள் கெடுத்ததால் அவன் கொலைகாரன் ஆனான் என்கிற காரணம் இன்றைக்கு எடுபடாது, எடுபடவும் கூடாது. காரணம் சொன்ன நிமிடமே மர்மம் போய்விடும். வேண்டுமென்றால் 20 நொடிக்குள், ஒரு பொருளாகக் காட்டுங்கள்: சுவரில் சின்னதாகிப்போன ஒரு பள்ளிச் சட்டை. சிறுவனை நடிக்க வைத்தால் 2017ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் வரும். மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே அனுமதி, ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பேரில் வைப்புத் தொகை. சட்டை ஒன்று போதும் என்று இப்போது தோன்றும்.

நாய்க்குட்டி. கொலைகாரன் நாய்க்குப் பிஸ்கட் போடும் காட்சியை எல்லாரும் பார்த்தாயிற்று. பயிற்றுவித்துக் காட்டப்படும் விலங்குகளுக்கான 2001ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். தியேட்டருக்குப் போகும் படமானால் வாரியத்தின் சான்று இல்லாமல் சென்சாரில் நகராது. வாரிய அலுவலகம் சென்னையில் இருந்தது பழைய கதை. இப்போது ஹரியானாவில் இருக்கிறது. கட்டுத்தரையில் மாடு கட்டியிருந்தாலும் இதே கேள்வி வரலாம், அதனால் இடம் பார்க்கும்போதே கேமராக் கோணத்தை யோசியுங்கள்.

சிகரெட். தியேட்டர் படத்தில் புகை வந்தால் தொடக்கத்திலும் நடுவிலும் 30 நொடி எச்சரிக்கைப் படம், அதோடு 20 நொடி ஒலி-ஒளி வாசகம், புகைக்கும்போதெல்லாம் திரையின் அடியில் எழுத்து. கிணற்று மேட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் பார்வையாளருக்கு அடியில் எச்சரிக்கை ஓடினால் காட்சி செத்தது.

8. மற்ற ஆவணங்கள்

கதைப் பதிவு: பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் இணையவழி விண்ணப்பம். இலக்கியப் படைப்பாகத் திரைக்கதைக்குக் கட்டணம் 500 ரூபாய். முடிந்த படத்தைப் பதிந்தால் 5,000 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் கிடைத்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு கட்டாயம், அதற்குப் பிறகுதான் பரிசீலனை. ஆகவே எழுதி முடித்த வாரமே போட்டுவிடுங்கள்.

இடக் கடிதம்: தோட்டம், தறிக் கொட்டகை இரண்டுக்கும் உரிமையாளர் கையெழுத்து. குத்தகைக்காரர் சரி என்றால் போதாது. தேதி, நேரம், எந்தெந்தப் பகுதி, கரண்டு யார் கணக்கு, சேதமானால் யார் பொறுப்பு, எல்லாம் எழுத்தில் வேண்டும். பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் கிணறு என்றால் எல்லாரிடமும் கையெழுத்து. ஒரு பங்காளியை விட்டால் அவர் சரியாக விடியல் நேரத்துக்கு வந்து நிற்பார்.

காவல் நிலையம்: தேதி, இடம், ஆட்கள், வண்டி எண்கள், போலி ஆயுதங்களின் பட்டியலோடு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இது சம்பிரதாயத்துக்கு இல்லை. தோட்டத்துச் சாளைகளில் (வீடுகளில்) தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகை பறித்த வழக்குகள் இந்தப் பக்கம் நிஜமாகவே நடந்தவை. நடுராத்திரியில் அலறல் கேட்டால் ஊர் தடியோடு வரும், வர வேண்டும். சுற்றியுள்ள சாளைகளுக்கெல்லாம் பகலிலேயே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கட்டையோ அரிவாளோ, ரப்பரில் அல்லது மரத்தில் செய்து சாயம் பூசியதாக இருக்கட்டும். நிஜத்தை வண்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி சுற்றாதீர்கள்.

நடிகர்கள்: பால்காரம்மாவாக நடிப்பவர் உள்ளூர்க்காரராக இருந்தாலும் ஒப்புதல் கடிதம் வேண்டும், கொடுத்த தொகையும் அதில் இருக்கட்டும்.

சான்றிதழ்: யூடியூபில் போட மட்டும் என்றால் சென்சார் தேவையில்லை. தியேட்டர் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து, சென்னை மண்டல அலுவலகம் வழியாகப் போகும். 2024 விதிகளின்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என வயதுவாரியாக ஐந்து வகை. குற்றத்தைப் புகழவோ நியாயப்படுத்தவோ கூடாது, குற்றவாளியின் செய்முறையைக் காட்டக் கூடாது என்று வழிகாட்டு நெறியில் இருக்கிறது. கிணற்றுக் காட்சியில் உங்கள் கவனம் அவன் முகத்தில் இருந்தால் பிரச்சினை குறைவு. தடயம் அழிக்கும் பாடமாக இருந்தால் கத்தரி விழும்.

9. நாளும் பணமும்

எழுத 3 வாரம், இடமும் காகிதமும் 4 வாரம், ஒத்திகை 10 நாள், படப்பிடிப்பு 3 இரவு 1 பகல், எடிட்டும் ஒலியும் 5 வாரம். வாடகை ரேட் ஊருக்கு ஊர் மாறும், அதனால் தொகை சொல்லாமல் பங்கு சொல்கிறோம்: 100 ரூபாய் இருந்தால் 30 கேமராவும் விளக்கும், 25 சாப்பாடும் வண்டியும், 20 ஆட்கள் சம்பளம், 15 ஒலி, மீதி 10 கையிருப்பு. ஒலிக்கு 5 ஒதுக்கிவிட்டுக் கேமராவுக்கு 50 கொடுப்பதுதான் வழக்கமான முட்டாள்தனம். இரவு வேலையென்றால் வாடகை நாள் கணக்கா, ஷிப்ட் கணக்கா என்று முன்பே கேளுங்கள். நடுராத்திரி 12ஐத் தாண்டியதும் இரண்டு நாள் பில் வரும்.

ரத்தம்: 1 கிலோ சர்க்கரையை அரை லிட்டர் தண்ணீரில் காய்ச்சிப் பாகாக்கி, ஆறியபின் சிவப்பு உணவுச் சாயம் 2 தேக்கரண்டி, கோகோ பொடி 1 தேக்கரண்டி. கோகோ இல்லாவிட்டால் கேமராவில் ரோஸ்மில்க் மாதிரித் தெரியும். எறும்பு மொய்க்கும், வேட்டியில் பட்டால் போகாது. ஒரே மாதிரி மூன்று செட் எடுத்து வையுங்கள்.

10. வெட்டிய பிறகு யாரிடம் காட்டுவது

நண்பர்களிடம் வேண்டாம். உங்களைத் தெரியாத 6 பேர் போதும். அதில் இருவராவது 50 வயதைத் தாண்டியவர்களாக இருக்கட்டும். படம் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லாருக்குது என்பார்கள். வண்டி தொங்கும்போது திரையைப் பார்க்காமல் அவர்கள் கையைப் பாருங்கள். விரல் இறுகினால் காட்சி நிற்கிறது. பிறகு இரண்டு கேள்வி: "வண்டி முங்கணும்னு நெனச்சீங்களா?" "செத்தவர் பையில என்ன இருந்துச்சு?"

முதல் கேள்விக்கு ஆமாம், இரண்டாவதற்கு ஞாபகமில்லை என்று 3 பேர் சொன்னால், செத்தவரைக் கைவிட்டுவிட்டீர்கள்; மாத்திரைப் பை ஷாட்டை 2 நொடி கூட்டி, தறிச் சத்தத்தை அங்கே நிறுத்துங்கள். முதலாவதற்கே இல்லை என்றால் கிணற்றில் கை வைக்காதீர்கள், கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. தொடக்கத்தில் அவன் தறி ஓட்டும் 90 நொடியை நீங்கள் 40 ஆக வெட்டியிருப்பீர்கள். திரும்ப ஒட்டுங்கள்.